லீஸ்-பர்ச்சேஸ் ட்ரக்: புது டிரைவர்கள் விழும் இடங்கள்

அமெரிக்காவில் கனரக வண்டி ஓட்டும் சி.டி.எல். உரிமம் வாங்கிச் சில மாதம்கூட ஆகியிருக்காது. கம்பெனி வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் புதியவரிடம் ஒருவர் வந்து பேசுவார். முன்பணம் வேண்டாம், கிரெடிட் ஸ்கோர் பார்ப்பதில்லை, மூன்று வருடம் ஓட்டினால் வண்டி உங்களுக்கே என்பார். வாரத் தவணை கட்டி ஓட்டி, கடைசியில் வண்டியைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்கிற இதற்குத்தான் லீஸ்-பர்ச்சேஸ் என்று பெயர். அதைக் கேட்டுவிட்டு வருகிற எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "வாரத் தவணை எவ்வளவு?" அது ஐந்தாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி.

படிக்காமல் கையெழுத்துப் போடுவது, ரசீதைத் தொலைப்பது மாதிரியானவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறார்கள்.

இரண்டு ஒப்பந்தத்தில் ஒன்றை மட்டும் படிப்பது

வண்டி கொடுப்பது ஒரு லீசிங் கம்பெனி, லோடு கொடுப்பது ஒரு கேரியர். பெயர் இரண்டாக இருந்தாலும் பல இடங்களில் முதலாளி ஒருவர்தான். லீசிங் கம்பெனியின் தாளில் வாரத் தவணை, எத்தனை வாரம், கடைசியில் கட்ட வேண்டிய பலூன் தொகை ஆகியவை இருக்கும். கேரியரின் தாளில் மைலுக்கு எவ்வளவு, என்னென்ன பிடித்தம், யார் எத்தனை நாள் நோட்டீஸில் முறிக்கலாம் என்பவை இருக்கும். புதியவர்கள் முதல் தாளை விரல் வைத்துப் படிக்கிறார்கள். இரண்டாவதைப் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். எத்தனை பேருக்குச் சொன்னாலும் இது மாறவில்லை, எரிச்சல்தான் மிச்சம்.

இந்த இரண்டு தாளையும் முடிச்சுப் போடும் ஒரு வரி எங்கோ ஒரு பக்கத்தில் இருக்கும். கேரியருடனான ஒப்பந்தம் எந்தக் காரணத்தால் முடிந்தாலும் வண்டி லீஸும் தவறியதாகக் கருதப்படும் என்பது அதன் சாரம். சில ஒப்பந்தங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், தவறிய அன்றே மீதித் தவணை மொத்தமும் கட்ட வேண்டும் என்று இருக்கும்.

நடப்பது எப்படி என்று பாருங்கள். மூன்று வருட லீஸ் என்றால் 156 வாரம். வாரம் 900 டாலர் வீதம் ஒருவர் 130 வாரம் பிசகாமல் கட்டிவிட்டார். 1,17,000 டாலர் போய்விட்டது. சரக்குச் சந்தை சரிகிறது. வாரம் 2,600 மைல் ஓடியவருக்கு 1,600 மைல்தான் கிடைக்கிறது. லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சரிடம் இரண்டு முறை குரல் உயர்கிறது. 30 நாள் நோட்டீஸில் கேரியர் ஒப்பந்தத்தை முறிக்கிறது. வண்டி யார்டுக்குத் திரும்புகிறது. டைட்டில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம், ஒருநாளும் இவர் பெயரில் இருந்ததில்லை, கட்டியதெல்லாம் வாடகை. சில நாளில் அதே வண்டி, கழுவித் துடைத்து, அடுத்த புதியவருக்கு முதல் வாரத் தவணையில் போகிறது.

நாமக்கல், சங்ககிரி பக்கம் டிரைவராக இருந்து ஓனரானவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதிலும் அதே வழி இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே ஆர்.சி. புக் வாங்கியவர் பெயரில் இருக்கும், அதில் ஃபைனான்ஸ் கம்பெனிக்குக் கடன் இருப்பதைக் காட்டும் ஹெச்.பி. குறிப்பு இருக்கும். லோடு தருவது புக்கிங் ஆபீஸ். ஒரு புக்கிங் ஆபீஸில் சண்டை என்றால் அடுத்த தெருவில் இன்னொன்று. தவணைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லீஸ்-பர்ச்சேஸில் கடன் வசூலிப்பவரே உங்கள் வருமானத்தையும் தீர்மானிக்கிறார். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட அமெரிக்க அரசின் ட்ரக் லீசிங் பணிக்குழு, 2025 ஜனவரியில் தந்த அறிக்கையில் இந்தத் திட்டங்களைத் தடை செய்யும்படி பரிந்துரைத்தது. திருத்துங்கள் என்று சொல்லவில்லை, தடை செய்யுங்கள் என்றது. அந்தப் பரிந்துரைக்குப் பிறகும் "எங்கள் கம்பெனியில் அப்படியெல்லாம் இல்லை" என்று சொல்லிக்கொண்டு சாவியோடு வருகிறவர்களை என்ன செய்வது?

அதனால் இரண்டு தாளையும் முன்கூட்டியே வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கொடுக்க மறுத்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. கொடுத்தால் இவற்றைத் தேடுங்கள்: கேரியர் விலக்கினால் வண்டி லீஸ் என்ன ஆகும், இந்த வண்டியை வேறு கேரியரின் கீழ் ஓட்ட அனுமதி உண்டா, அதற்குக் கட்டணம் எவ்வளவு, வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் வாரங்களில் தவணை ஓடுமா, டைட்டில் எந்தத் தேதியில், என்ன தொகை கட்டியபின் மாறும். வேறு கேரியருக்குப் போக முடியாது என்று இருந்தால் மற்ற ஷரத்துகளைப் படிக்கவே தேவையில்லை.

வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். "லோடைக் கட்டாயப்படுத்த மாட்டோம்" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஒரு லோடை மறுத்தபின் அடுத்த லோடு இரண்டு நாள் கழித்து வந்தால் அதற்கு எந்த ஷரத்தும் கிடையாது.

கேரியர் ஒப்பந்தத்துக்கு மத்திய விதிகள் உண்டு: 49 சி.எஃப்.ஆர். பகுதி 376. டெலிவரி ஆவணங்கள் கொடுத்த 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். பிடித்தங்கள் ஒவ்வொன்றும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். லோடுக் கட்டணத்தில் சதவீதக் கணக்கில் சம்பளம் என்றால் ஃப்ரெய்ட் பில்லின் (சரக்குக் கட்டண ரசீதின்) நகலைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் வண்டியின் விலை நியாயமா, தவணை அதிகமா என்பதை அந்த விதிகள் கட்டுப்படுத்துவதில்லை.

நல்ல வாரத்தை வைத்துக் கணக்குப் போடுவது

ஆள் சேர்ப்பவர் காட்டும் செட்டில்மென்ட் தாள் (வரவும் பிடித்தமும் காட்டும் வாரக் கணக்கு) அந்த வருடத்தின் சிறந்த வாரத்துடையது. கணக்கை மோசமான வாரத்திலிருந்து தொடங்குங்கள். மாதிரிக்கு ஒன்று, உங்கள் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாரச் செலவு: தவணை 900, இன்ஷூரன்ஸ்கள் 200, ஈ.எல்.டி. (ஓட்டும் நேரத்தைப் பதியும் கருவி), பிளேட், பெர்மிட் 50. மொத்தம் 1,150 டாலர். ஓடும் மைலுக்கு: கேலன் 3.80 டாலர், 6.5 மைல் தருகிற வண்டி என்றால் டீசல் 58 சென்ட். பராமரிப்புக்கு 12 சென்ட். ஆக 70 சென்ட். வருமானம், எரிபொருள் சர்சார்ஜோடு மைலுக்கு 1.50 டாலர் என்று வைப்போம்.

இதில் பலர் சறுக்குவது, பணம் வரும் மைலும் சக்கரம் ஓடும் மைலும் ஒன்று என்று நினைப்பதில். ஹவுஸ்ஹோல்ட் குட்ஸ் கணக்கில், அதாவது ஊருக்கு ஊர் என்று அட்டவணையில் போட்ட தூரத்துக்குப் பணம் தரும் கேரியரிடம் ஓடோமீட்டரைவிடக் குறைவான மைல்தான் வரும். பணம் தராத டெட்ஹெட் (லோடில்லாமல் ஓடும் மைல்) அதற்கு மேல். இரண்டுக்கும் சேர்த்து 10 சதவீதம் கூட்டினால், பணம் வரும் ஒவ்வொரு மைலுக்கும் செலவு 77 சென்ட், மிஞ்சுவது 73 சென்ட். 1,150 டாலரை 73 சென்ட்டால் வகுத்தால் 1,575 மைல். அதுவரை ஓட்டுவது லீசிங் கம்பெனிக்கும் டீசல் பங்குக்கும்.

2,500 மைல் வாரத்தில் கையில் 675 டாலர். 1,700 மைல் வாரத்தில் 91 டாலர். வீட்டுக்குப் போன வாரத்தில் 1,150 டாலர் கடன், அது அடுத்த செட்டில்மென்ட்டில் பிடிக்கப்படும். மூன்று நல்ல வாரமும் ஒரு வீட்டு வாரமும் சேர்ந்தால் மாதம் 875 டாலர். மைலுக்கு 50 சென்ட் வாங்கும் கம்பெனி டிரைவர் அதே மூன்று வாரத்தில் 3,750 டாலர் எடுத்திருப்பார், ஒரு டயர்கூட வாங்காமல்.

பெயின்ட்டைப் பார்த்து வண்டி எடுப்பது

கேரியர் தன் கையில் வைத்து ஓட்டி முடித்த வண்டிதான் பெரும்பாலும் லீஸுக்கு வரும். பெரிய எஞ்சின்களின் அடிப்படை வாரன்டி பொதுவாக 2 வருடம் அல்லது 2,50,000 மைல். உங்கள் கைக்கு வரும் வண்டி 4,00,000 மைல் தாண்டியிருந்தால் வாரன்டி முடிந்த வண்டிக்கு மூன்று வருடம் பொறுப்பேற்கிறீர்கள்.

சம்பந்தமில்லாத ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்கள். எஞ்சின் கம்ப்யூட்டர் அறிக்கையில் மொத்த மணி, ஐடில் மணி (நின்றபடி எஞ்சின் ஓடிய நேரம்), பழைய ஃபால்ட் கோடு, ரீஜென் (புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிப்பது) எத்தனை முறை நடந்தது எல்லாம் வரும். வண்டியை நிறுத்திச் செய்யும் பார்க்டு ரீஜென் அடிக்கடி நடந்திருந்தால் அந்த வடிகட்டியான டி.பி.எஃப்.-இல் அடைப்பு, புகை சுத்திகரிப்புப் பாகங்களான டோசர், நாக்ஸ் சென்சார் என்று செலவு வரிசையில் நிற்கிறது. ஐடில் மணி அதிகம் என்றால் மைல் குறைவாகக் காட்டினாலும் எஞ்சின் தேய்ந்திருக்கும். ஆயில் சாம்பிள் சோதனை மலிவு. அதில் கூலன்ட் தெரிந்தால் விலகுங்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து ப்ளோ-பை (பிஸ்டனைத் தாண்டிக் கசிந்து வரும் புகை) பாருங்கள். டயர் ஆழத்தை அளந்து படம் எடுங்கள்: சட்டப்படி முன் டயருக்கு 4/32 அங்குலம், மற்றவற்றுக்கு 2/32. அந்த எல்லையில் இருக்கும் டயரோடு வண்டி எடுத்தால் அடுத்த பத்து டயரும் உங்கள் பணம்.

ஏ.பி.யு. (எஞ்சின் நிற்கும்போது கேபினுக்கு ஏ.சி., மின்சாரம் தரும் துணைக் கருவி) ஓடுகிறதா என்று எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் பத்து மணிநேர ஓய்வில் எஞ்சின் ஐடிலில் எட்டு கேலன் போகும். ஒரு இரவுக்கு 30 டாலர்.

மெயின்டனன்ஸ் எஸ்க்ரோவைச் சேமிப்பாக நினைப்பது

இல்லை. அது பராமரிப்புக்கென்று உங்கள் வருமானத்தில் பிடித்து அவர்கள் கையில் வைத்திருக்கும் பணம். அதில் என்ன இருக்கிறது என்று மாதாமாதம் எழுத்தில் கேளுங்கள்.

வரியை மறப்பது

சம்பளக்காரராக இல்லாமல் ஒப்பந்தக்காரராக 1099 படிவத்தில் வருமானம் வாங்கினால் யாரும் உங்களுக்காக வரி பிடிப்பதில்லை. நிகர லாபத்தில் 92.35 சதவீதத்துக்கு 15.3 சதவீத சுயதொழில் வரி, அதற்கு மேல் வருமான வரி. காலாண்டுத் தேதிகள் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15.

முதல் வருடத்திலேயே எடுப்பது

வேண்டாம்.

"வாக்-அவே" என்பதை இலவசமாக நினைப்பது

எப்போது வேண்டுமானாலும் விடலாம் என்பார்கள். வண்டியை எந்த யார்டில் விட வேண்டும், டீடெய்லிங், டயர் தேய்மானம், மீட்புச் செலவு என எதையெல்லாம் எஸ்க்ரோவில் கழிப்பார்கள் என்பதைத் தாளில் பாருங்கள். வண்டியை வழியில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனால் கேரியர்கள் பார்க்கும் டிரைவர் வேலை வரலாறான டி.ஏ.சி. அறிக்கையில் வண்டியைக் கைவிட்டவர் என்று ஏறும். அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

விடுவதென்றால் முறையாக விடுங்கள். எழுத்தில் நோட்டீஸ், அவர்கள் சொன்ன யார்டு, பகல் நேரம். ஓடோமீட்டர், நான்கு பக்கம், கேபின், டயர் எல்லாவற்றையும் படம் பிடித்து, பொறுப்பாளரிடம் தேதியிட்ட ரசீது வாங்குங்கள். பகுதி 376-ன்படி, ஒப்பந்தம் முடிந்த 45 நாளுக்குள் எஸ்க்ரோவின் இறுதிக் கணக்கும் மீதிப் பணமும் வர வேண்டும். நாள்காட்டியில் குறித்து வைத்து, 46-ஆவது நாள் பதிவுத் தபாலில் கேளுங்கள்.