முட்டுக்கு அடிக்கும் முளை எவ்வளவு தாங்கும்?

புதுச் சுவர் காற்றில் சாயாமல் இருக்கச் சரிவாகக் கட்டும் தாங்குகோல்தான் முட்டு, அதன் அடியை மண்ணோடு பிடித்து நிறுத்த அடிக்கும் கம்பிதான் முளை. பெங்களூரு செம்மண் காய்ந்து கிடக்கும்போது சம்மட்டியால் எவ்வளவு அடித்தாலும் முளை லேசில் இறங்காது, அதை வைத்தே பிடிமானம் நல்லா இருக்கிறது என்று முட்டுக் கட்டிவிட்டுப் போகிறார்கள் தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து இங்கே வேலைக்கு வரும் நம்ம மேஸ்திரிகள் பலர். ஏப்ரல், மே சாயங்கால மழையில் அதே மண் இளகிவிடும். காற்று சுவரைத் தள்ளி, முட்டு வழியாக முளையைப் பிடுங்கப் பார்ப்பதும் அப்போதுதான்.

முதலில் முளைக்கு என்ன இழுவை வரும் என்று பாருங்கள். கட்டடங்கள் மேல் வரும் சுமைகளுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875 பெங்களூருக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர், அதை வர்க்கமாக்கி 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 653 நியூட்டன், அதாவது சுமார் 67 கிலோ. 3 மீட்டர் உயரச் சுவர், 2 மீட்டருக்கு ஒரு முட்டு என்றால் ஒரு முட்டின் பங்கு 400 கிலோ. அந்த முட்டு சுவரில் 2 மீட்டர் உயரத்தில் 45 பாகை சரிவில் இருந்தால் அதன் நீளவாக்கில் 425 கிலோ, சுவர் தனியாக நிற்பதால் குறைந்தது 1.3-ஆல் பெருக்கி 550 என்று வையுங்கள். புதுக் கட்டு, அதன் சொந்த பலத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்புறம் சோதனை. அதே இடத்தில், அதே கம்பியை, அதே ஆழத்துக்கு அடித்து, முந்தின நாளே சுற்றிலும் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, செயின் பிளாக்குக்கும் (சங்கிலியால் பாரம் இழுக்கும் கப்பி) முளைக்கும் நடுவே தொங்கும் தராசைப் போட்டு, முட்டு வரும் அதே சரிவில் இழுங்கள். செயின் மாட்டிய சட்டத்தின் கால்கள் முளைக்குப் பக்கத்தில் ஊன்றக் கூடாது, மண்ணை அழுத்திப் பொய்யாகப் பிடிமானம் காட்டும். செயினுக்கு நேராக யாரும் நிற்க வேண்டாம். முளை நகர ஆரம்பிக்கும் எடையைக் குறித்து, அதில் பாதியை மட்டும் நம்புங்கள். 800-இல் நகர்ந்தால் கணக்கு 400, ஆக முட்டுக்கு இரண்டு முளை. இரண்டுக்கும் நடுவே குறைந்தது அடித்த ஆழமாவது இடைவெளி இருக்கட்டும், நெருக்கி அடித்தால் ஒரே மண்கட்டியைத்தான் இரண்டும் பிடித்திருக்கும்.

ஏரியைத் தூர்த்த இடம், அஸ்திவாரக் குழியை மூடிய மண் என்றால் முளையே வேண்டாம், கான்கிரீட் கட்டை வையுங்கள். சின்னக் கட்டை போதாது: அதே 550 கிலோ அதை 390 தூக்கும், 390 பக்கவாட்டில் இழுக்கும், உராய்வு 0.5 என்று வைத்து ஒன்றரை மடங்கு பாதுகாப்பும் சேர்த்தால் சுமார் 1,800 கிலோ, அதாவது முக்கால் கன மீட்டர் கான்கிரீட்.