டரான்டுலாவுக்கு இரை கொடுப்பது எப்படி? புதிதாக வளர்ப்பவர்களுக்கு

டரான்டுலா என்ற பெரிய ரோமச் சிலந்தியை வாங்கியதும் எல்லாரும் கேட்பது, "கடிக்குமா?" என்றுதான். இரை கொடுக்கும் நேரத்தில் அதிகம் அடிபடுவது சிலந்திதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மெக்சிகோவின் பசிபிக் கரையோரத்தைச் சேர்ந்த ரெட் நீ (சிவப்பு முட்டி) டரான்டுலா இனத்தை வைத்து இதைச் சொல்கிறேன். நிதானமான சிலந்தி, பெண்ணாக இருந்தால் 20 வருடத்துக்கு மேல் வாழும். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால், வளர்ப்பில் பிறந்ததை உரிய தாள்களோடு மட்டும் வாங்குங்கள்.

முதலில் அது வேட்டையாடும் விதம் புரிய வேண்டும். வலை கட்டி இரை பிடிக்கும் வகை இல்லை இது. வளை வாசலில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கண் எட்டு இருந்தும் பார்வை மங்கல். கால் ரோமங்கள்தான் தரை அதிர்வையும் காற்றின் அசைவையும் உணர்ந்து சொல்கின்றன. இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஒரே பாய்ச்சல்; முன்கால்களால் அணைத்து, இரண்டு நச்சுப்பற்களையும் மேலிருந்து கீழே இறக்கிவிடும். பிடித்த சூட்டோடு சில சிலந்திகள் வயிற்று நுனியால் தரையைத் தொட்டுத் தொட்டு வட்டமாகச் சுற்றும். நூல் விரிக்கிறது, பார்க்க அத்தனை அழகு! பிறகு செரிமான நீரைக் கக்கி, கரைந்து வரும் கூழை மணிக்கணக்கில் உறிஞ்சும். கடைசியில் மிஞ்சுவது கறுப்பாக ஒரு சிறு உருண்டை.

படி 1: சிலந்தியைப் பாருங்கள்

வயிறு பருத்து, நிறம் மங்கி, சாப்பாட்டை ஒதுக்கினால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். இரை போடாதீர்கள். மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று நினைத்துத் தொட்டுவிடாதீர்கள். டரான்டுலா சட்டை உரிப்பதே மல்லாந்துதான்.

படி 2: இரையைத் தேர்ந்தெடுங்கள்

சுவர்க்கோழி, தீனிக்கென்றே வளர்க்கும் டூபியா கரப்பான், மாவுப்புழு எல்லாம் நல்ல இரை. சிலந்தியின் வயிற்றைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. வீட்டில், தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டவே வேண்டாம். மருந்து பட்டதாக இருக்கலாம். குட்டிச் சிலந்திக்குக் கொன்ற பூச்சியின் ஒரு துண்டு போதும்.

படி 3: இரையை விடுங்கள்

மாலை மங்கிய பிறகு கொடுப்பது நல்லது. நீளமான இடுக்கியால் பூச்சியை எடுத்து, சிலந்திக்குச் சற்றுத் தள்ளி விடுங்கள். வாயருகே நீட்டாதீர்கள், பாய்ந்து உலோகத்தைக் கடித்தால் பல் உடையும். கையைப் பெட்டிக்குள் விடாதீர்கள், முகத்தையும் அருகே கொண்டுபோகாதீர்கள். மிரண்டால் பின்கால்களால் வயிற்று ரோமத்தை உதறும். கண்ணில் பட்டால் ஆபத்து. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

படி 4: மறுநாள் சுத்தம் செய்யுங்கள்

இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தின்னாத சுவர்க்கோழியை உள்ளேயே விட்டால், சட்டை உரித்து மெத்தென்று கிடக்கும் சிலந்தியை அது கடித்துக் குதறிவிடும். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். மிச்ச உருண்டையையும் எடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

சட்டை உரித்த சிலந்திக்குப் பல் முதலில் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும். நன்றாகக் கறுக்கும்வரை இரை போடாமல் பொறுங்கள். வளர்ந்ததற்கு ஒன்றிரண்டு வாரமாவது ஆகும்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை? வளர்ந்ததற்கு 7 முதல் 14 நாளுக்கு ஒன்று, குட்டிக்கு வாரம் இரண்டு. அளவுக்கு மீறிக் கொடுத்து வயிறு ஊதிய சிலந்தி பெட்டிச் சுவரில் ஏறி விழுந்தால் வயிறு கிழிந்து சாகும். ஆகவே பெட்டி உயரமாக இருக்க வேண்டாம்.

இந்தியாவிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் பொசிலோதீரியா வகைக்கு இந்த முறை போதாது. மின்னல் வேகம், கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு வரும். தொடக்கக்காரர்கள் அதை வளர்க்கவே வேண்டாம்.

வளர்ந்த ரெட் நீ மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருந்தாலும் பதறாதீர்கள். வயிறு சுருங்காமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்; தண்ணீர்க் கிண்ணம் ஒரு நாளும் காலியாக இருக்கக் கூடாது.