சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஹாஃப் மாரத்தானுக்குத் தயாராகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 21.1 கிலோமீட்டர் ஓடப் பணம் கட்டியாச்சு. அடுத்து எல்லோரும் செய்வது, இணையத்தில் கிடைக்கும் 16 வார அட்டவணை ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்வது. முதல் தவறு அங்கேதான். ஜனவரியிலிருந்து பின்னால் எண்ணிப் பாருங்கள்: காலாண்டு விடுமுறை, நவராத்திரி, தீபாவளி, வடகிழக்குப் பருவமழை, மழையோடு வரும் சளி, காய்ச்சல், மூத்த பிள்ளை பள்ளிக்குப் போனால் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு என்று எல்லாமே அந்த 16 வாரத்துக்குள் வந்துவிடும். வாரம் 5 நாள் ஓடச் சொல்லும் திட்டம் இதில் எதற்கும் இடம் விடாது. ஆகஸ்டிலேயே தொடங்குங்கள். வாரம் 3 ஓட்டம் போதும், அதில் ஒன்று மட்டும் நீண்டதாக இருக்கட்டும்.

தவறவிட்டதைச் சேர்த்து ஓடுவது அடுத்த தவறு. குழந்தைக்குக் காய்ச்சல், நாலு நாள் வெளியே போக முடியவில்லை, அந்தக் கணக்கை ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் தீர்க்கப் போனால் கெண்டைக்காலும் முழங்காலும் பதில் சொல்லும். போனது போகட்டும். ஒரு வாரம் ஓடாததால் உடம்பின் திறன் பெரிதாகக் குறையாது. இரண்டு வாரத்துக்கு மேல் போனால் தூரத்தைக் குறைத்து மறுபடி ஏறுங்கள்.

தூக்கத்தைத் திருடி ஓடாதீர்கள். கைக்குழந்தைக்காக ராத்திரி மூன்று முறை எழுந்தவர் நாலரை மணிக்கு அலாரம் வைத்து ஓடினால் அதற்குப் பெயர் பயிற்சி இல்லை, ஏனென்றால் ஓட்டத்தில் களைத்த தசை சரியாவதே தூக்கத்தில்தான். அந்த நாள் தூங்குங்கள், சாயங்காலம் அரை மணி நேரம் மெதுவாக ஓடுங்கள்.

இப்போது, நான் ரொம்ப முக்கியமாக நினைக்கும் விஷயம். நீண்ட ஓட்டத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடுகிறோம், வீட்டில் இருப்பவருக்கோ அது மணிக்கணக்கு. 15 கிலோமீட்டர் ஓட இரண்டு மணி நேரம்தான் என்று சொல்லிவிட்டு, நாலரைக்குக் கிளம்பி, பெசன்ட் நகர் போய் வண்டியை நிறுத்தி, ஓடி முடித்து, குழுவோடு இட்லி, காபி, பேச்சு என்று வீடு திரும்பும்போது ஒன்பதரை ஆகிவிடுகிறது, அப்புறம் களைப்பில் மதியத் தூக்கம் வேறு. அத்தனை நேரமும் பல் தேய்த்துவிட்டு, சாப்பாடு ஊட்டி, குளிப்பாட்டியது ஒரே ஆள், பெரும்பாலும் அம்மா. இது நியாயமே இல்லை. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று முன்பே சொல்லுங்கள், எடுத்துக்கொண்ட அதே அளவு நேரத்தை அதே வாரத்தில் திருப்பிக் கொடுங்கள். இரண்டு பேரும் ஓடுகிறவர்கள் என்றால் சனி ஒருவருக்கு, ஞாயிறு ஒருவருக்கு. பாட்டி இருக்கிறாரே என்று கேட்காமலே பிள்ளைகளை விட்டுப் போவதும் இதே தவறுதான், அவருக்கும் முழங்கால் வலி இருக்கும்.

பிரசவம் ஆன அம்மாக்கள் அவசரப்படவே கூடாது. குறைந்தது 3 மாதமாவது கழித்துத்தான் ஓட்டத்தைத் தொடங்கலாம் என்று 2019-இல் பிரிட்டனின் பிசியோதெரபிஸ்டுகள் தந்த வழிகாட்டுதல் சொல்கிறது, அதுவும் படிப்படியாக. ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ, அடிவயிற்றுக்குக் கீழே பாரமாக இருந்தாலோ ‘பிள்ளை பெத்தா அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள், இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள், இது சரிசெய்யக்கூடியது. ஓடினால் பால் வற்றிவிடும் என்று பயமுறுத்துவார்கள். மிதமான பயிற்சியால் பால் குறையாது, ஆனால் சாப்பாட்டிலும் தண்ணீரிலும் குறை வைக்கக் கூடாது. கிளம்பும் முன் பால் கொடுத்துவிட்டால் மார்பில் பாரமில்லாமல் ஓடலாம்.

குழந்தை பிறக்கும் முன் ஓடிய நேரத்தை இந்த முறை இலக்காக வைக்காதீர்கள். சென்னையின் புழுக்கத்தில் பயிற்சி ஓட்டங்களில் பெரும்பாலானவை பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இருந்தால் போதும்.

பந்தயத்தன்று பிள்ளைகள் வர வேண்டும் என்று ஆசையிருந்தால், விடியற்காலையில் எழுப்பி இழுத்துப் போகாதீர்கள். நீங்கள் முடிக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் வந்தால் போதும். சாலைகளில் போக்குவரத்தை மாற்றியிருப்பார்கள், அதனால் எங்கே நிற்க வேண்டும் என்பதை முந்தின நாளே பேசி வையுங்கள்.