சப்வூஃபர் வாங்கியாச்சு, பெட்டி?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) வாங்கப் போகிறவர் கடையில் கேட்பது இரண்டே கேள்விகள். எத்தனை அங்குலம்? எத்தனை வாட்ஸ்? பெட்டி பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். அதுவும் "அண்ணே, இதுக்குப் பொருந்துற மாதிரி ஒரு பெட்டி குடுங்க" என்பதோடு முடிந்துவிடும். ஸ்பீக்கர் ஓட்டைக்குள் உட்கார்ந்தால் பெட்டி பொருந்திவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். வீட்டில் கொண்டுபோய்ப் போட்டால் தப்பு வேறு, உறுமி வேறு என்று பிரித்துக் கேட்க முடியாது. எல்லாம் சேர்ந்து ஒரே சுருதியில் "ஊம்... ஊம்..." என்று இரையும்.

நானும் அப்படி ஒரு பெட்டி செய்தவன்தான்.

பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி. ஸ்பீக்கரின் கூம்பு உள்ளே போகும்போது அந்தக் காற்று அதை வெளியே தள்ளும், வெளியே வரும்போது உள்ளே இழுக்கும். பெட்டி சின்னதாக இருந்தால் ஸ்பிரிங் இறுக்கம், பெரிதாக இருந்தால் தளர்வு. எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பதை அங்குலமும் வாட்ஸும் சொல்லாது. ஸ்பீக்கரோடு வரும் துண்டுத்தாளில் எஃப்எஸ் (ஸ்பீக்கர் தானாக அதிரும் சுருதி), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பது), வாஸ் (ஸ்பீக்கரின் சொந்த விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு) என்று மூன்று எண்கள் இருக்கும், அவைதான் சொல்லும். ஆஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல் 1961இல் போட்ட அடித்தளமும், 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து எழுதியதும்தான் இன்றைக்கும் பெட்டிக் கணக்கு. அந்தத் தாளைக் கடையிலேயே எறிந்துவிட்டு வருவதுதான் முதல் தவறு.

என்னுடைய 12 அங்குல ஸ்பீக்கருக்கு எஃப்எஸ் 28 ஹேர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.45, வாஸ் 60 லீற்றர். தாளில் க்யூஈஎஸ் என்று இன்னொரு எண்ணும் இருக்கும், அதிர்வை மின்பகுதி மட்டும் எவ்வளவு அடக்குகிறது என்பது அது. எனக்கு 0.5. எஃப்எஸ்ஸை அதனால் வகுத்தால் 56 வரும். பொதுவாக 50க்குக் கீழே வந்தால் மூடிய பெட்டி, 100க்கு மேலே போனால் காற்று போய்வரக் குழாய் வைத்த பெட்டி, நடுவில் என்றால் இரண்டும் ஆகலாம். 56 மூடிய பெட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் திருவிழா செட்டுகளில் குழாய் வைத்த பெட்டிகளைப் பார்த்துப் பழகிய கண். எனக்கும் குழாய் வேண்டும் என்றிருந்தது.

50 லீற்றரில், 35 ஹேர்ட்ஸுக்குச் சுருதி கூட்டிய குழாயோடு என்று திட்டம் போட்டேன். பக்கத்துக்கு 40 சென்டிமீற்றர் வைத்துச் சதுரப்பெட்டி. பெருக்கினால் 64 லீற்றர், தாராளம். அங்கேதான் சறுக்கினேன், அளந்தது வெளிப்பக்கம். 18 மில்லிமீற்றர் பலகை இரண்டு பக்கமும் தின்றுவிட்டால் உள்ளே 36.4 சென்டிமீற்றர்தான், அதாவது 48 லீற்றர். அதற்குள் ஸ்பீக்கரின் காந்தம், குழாய், முட்டுக்கட்டைகள் சேர்ந்து ஆறு லீற்றரை அடைத்துக்கொண்டன. மிஞ்சியது 42.

பெட்டி சுருங்கினால் அதே சுருதிக்குக் குழாய் நீள வேண்டும். நான்கு அங்குலத் தண்ணீர்க் குழாய் வாங்கி வந்து கணக்குப் பார்த்தால் 38 சென்டிமீற்றர் கேட்கிறது, பெட்டியின் ஆழமே 36. எல்போ போட்டு வளைத்திருக்கலாம். மெல்லிய குழாய் போட்டால் நீளம் குறையும், ஆனால் சத்தம் கூட்டும்போது காற்று புஸ் புஸ் என்று சீறும். நான் இரண்டையும் செய்யாமல் 15 சென்டிமீற்றரில் அறுத்து ஒட்டிவிட்டேன். சுருதி 50 ஹேர்ட்ஸுக்கு ஏறிப்போனது.

இதில் லயக் காம்பராவும் சேர்ந்துகொண்டது. 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள அறை தானாகவே 47, 56 ஹேர்ட்ஸ் பக்கத்தில் அதிரும். என் பெட்டியின் 50 சரியாக நடுவில் போய் உட்கார்ந்தது. "ஊம்" எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கியிருக்கும். மூலையில் வைத்திருந்தது இன்னும் மோசம், மூலை பாஸை ஊதிப் பெருக்கும்.

குழாய்ப் பெட்டியில் இன்னொரு ஆபத்து உண்டு. சுருதிக்குக் கீழே உள்ள ஒலிகளில் கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்று ஸ்பிரிங் இருக்காது. சத்தமே பெரிதாக வராது, கூம்பு மட்டும் துள்ளும். அம்ப்ளிஃபையரில் சப்சோனிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிடுவது) இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வொயிஸ் காயில் அடிபடும்.

ஆட்டோவில் சப் மாட்டுகிறவர்களுக்கு வேறு கதை. காரில் சின்ன மூடிய பெட்டியே நன்றாக இடிப்பதைக் கேட்டுவிட்டு அதையே ஆட்டோவில் பொருத்துகிறார்கள். மூடிய கார் அறை தாழ்ந்த ஒலிகளைத் தானே தூக்கிக் கொடுக்கும். ஆட்டோவின் இரண்டு பக்கமும் திறப்பு, எதைத் தூக்கும்?

மலை உயரம் பெட்டியைப் பாதிக்குமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கொஞ்சம் பாதிக்கும். 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் காற்று ஸ்பிரிங் தளர்ந்து, பெட்டி சற்றுப் பெரிதானதுபோல நடந்துகொள்ளும். குழாயின் சுருதி அப்படியே இருக்கும். நிம்மதியாக இருங்கள், மேற்சொன்ன தவறுகளுக்கு முன்னால் இது தூசு.

ஈரம்தான் பெரிய எதிரி. வெட்டிய எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) விளிம்புக்குப் பூச்சு அடிக்காமல் விட்டால் தென்மேற்குப் பருவ மழை முடிவதற்குள் அது பாண் மாதிரி ஊதி, மூட்டு விடும். பழைய தேயிலைப் பெட்டிப் பலகை வேண்டவே வேண்டாம். அந்த மெல்லிய பிளைவூட் ஸ்பீக்கரோடு சேர்ந்து தானும் பாடும். மூடிய பெட்டி என்றால் பாஸை ஓடவிட்டு, மூட்டுகளிலும் வயர் நுழையும் இடத்திலும் ஊதுபத்திப் புகையைக் காட்டிப் பாருங்கள். புகை ஆடினால் அங்கே ஒழுகுகிறது.

என் பெட்டிக்கு என்ன ஆச்சு? குழாயைப் பிடுங்கி, ஓட்டையை அதே பலகையில் வெட்டிய வட்டத்தால் அடைத்து ஒட்டினேன். குழாய் போனதும் உள்ளே 43 லீற்றர். அப்புறம்தான் அந்தத் தாளை எடுத்து ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். இந்த ஸ்பீக்கருக்கு மூடிய பெட்டி 41 லீற்றர் போதும் என்று வந்தது. மூலையிலிருந்து இரண்டு அடி தள்ளி வைத்தேன். தப்பு தப்பாகவும் உறுமி உறுமியாகவும் கேட்கிறது. பக்கத்துக் காம்பரா சின்னம்மாதான், "முந்தி செவரு மட்டுந்தான் ஆடுச்சு, இப்ப என்ன பாட்டுன்னும் தெரியுது" என்கிறார்.