வானவில் பேட்ஜைக் கழற்றச் சொன்னால்: அமெரிக்காவில் பிள்ளை படிக்கும் பெற்றோருக்கு

மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் பேட்ஜைப் பென்சில் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கட்டைவிரல் நகம் அளவு வானவில், ஒருபாலீர்ப்பு உள்ளவர்கள் போன்றோருக்கு ஆதரவைக் காட்டும் சின்னம். "பையில் குத்தியிருக்கிற மற்றதெல்லாம் இருக்கலாமாம், இது மட்டும் கூடாதாம்" என்றாள். "எதுக்கும்மா வம்பு, விட்டுடு" என்றுதான் எனக்கு முதலில் வாயில் வந்தது. மதுரையில் ஹெட்மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான் என்று வளர்ந்தவள் நான். அப்புறம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில், அரசுப் பள்ளியா என்று பாருங்கள். பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அங்கேதான் கைகொடுக்கும். தனியார் பள்ளியை அது கட்டுப்படுத்தாது.

கழற்றச் சொன்ன இடத்தில் பிள்ளை வாதாட வேண்டாம். வாதாடினால் விஷயம் பேட்ஜை விட்டு 'சொன்ன பேச்சு கேட்கவில்லை' என்று மாறிவிடும். "எந்த விதிப்படி?" என்று மட்டும் மரியாதையாகக் கேட்கட்டும். யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்பதை அன்று இரவே எழுதி வையுங்கள்.

பிறகு பள்ளி ஹேண்ட்புக்கில் டிரெஸ் கோடைப் படியுங்கள். எல்லா பேட்ஜுக்கும் தடை என்றால் உங்கள் பாடு கஷ்டம். ஃபுட்பால் பேட்ஜுக்குச் சரி, வானவில்லுக்கு மட்டும் கூடாது என்றால் கஷ்டம் பள்ளிக்கு. இதற்கு அடிப்படை 1969-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன டிங்கர் தீர்ப்பு. வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டிவந்த பிள்ளைகளின் வழக்கு அது. பள்ளி நடப்பது பெரிதாகக் குலையும் என்றோ மற்றவர் உரிமை கெடும் என்றோ காட்ட முடியாமல் மாணவரின் கருத்தை அடக்கக் கூடாது. யாரோ முகம் சுளிப்பார்கள் என்பது போதாது.

அடுத்ததுதான் முக்கியம்: எழுத்தில் கேளுங்கள். ஃபுளோரிடாவில் ஹோம்ஸ் கவுண்டியில் ஹெதர் கில்மன் என்ற மாணவிக்காக ஏசிஎல்யு என்ற குடியுரிமை அமைப்பின் வக்கீல்கள் செய்தது இதைத்தான். வானவில், இந்த வாசகம், அந்த வாசகம் என்று பட்டியல் போட்டு, எதை அணியலாம் என்று பள்ளி வாரியத்தைக் கேட்டார்கள். ஒன்றும் கூடாது என்று பதில் வந்தது. வழக்கு போய், 2008-இல் வாரியம் தோற்றது. கில்மன் ஒருபாலீர்ப்பு உள்ளவர் அல்ல. உறவுக்காரப் பெண்ணுக்காக நின்றவர். அதனால் பிள்ளை ஏன் அணிகிறாள் என்று மெயிலில் விளக்காதீர்கள். அதைச் சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம். நானும் கேட்கவில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சட்டம் எதிர்த்தரப்புக்கும் உதவும். 'மகிழ்ச்சியாக இரு, கே-யாக (ஒருபாலீர்ப்பு உள்ளவராக) இருக்காதே' என்று டி-ஷர்ட் போட வந்த இல்லினாய் மாணவர்களுக்குச் சாதகமாக 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 'பாலினம் இரண்டே' என்ற டி-ஷர்ட் வழக்கில், 2024-இல் மாசசூசெட்ஸில், பள்ளி ஜெயித்தது. எனக்கு முதல் டி-ஷர்ட் பிடிக்கவில்லைதான். என்ன செய்வது!

ஆசிரியர் வகுப்பில் வானவில் கொடி மாட்டுவது வேறு கணக்கு. அது பெரும்பாலும் பள்ளியின் பேச்சாகவே எடுத்துக்கொள்ளப்படும். மாணவர் சங்கம் என்றால் 1984-இன் சம அணுகல் சட்டம் இருக்கிறது: மத்திய அரசு நிதி வாங்கும் உயர்நிலைப் பள்ளி, பாடத்தோடு சம்பந்தமில்லாத செஸ் கிளப் ஒன்றுக்கு இடம் கொடுத்தாலும், கே மாணவர் சங்கத்துக்கும் இடம் தர வேண்டும்.

நான் பிரின்சிபலுக்கு எழுதியது நான்கே வரி: நடந்தது இது, ஹேண்ட்புக்கில் எந்தப் பக்கம், மற்ற பேட்ஜுகளுக்கு ஏன் இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் வேண்டும். கோபத்தில் எழுதிய ஐந்தாவது வரியை அனுப்பும் முன் அழித்தேன். வியாழனே பதில் வந்தது: ஏதோ தவறான புரிதலாம், அணியலாமாம்.

அதற்குள் பேட்ஜின் பின்பிடி பென்சில் பையில் எங்கோ தொலைந்திருந்தது. என் தோட்டின் ரப்பர் பிடியைக் கழற்றிப் போட்டோம். கச்சிதமாக நின்றது.