ஈதரை வரையப் பழகலாம்: நான்கு கோடுகள், ஒரு ஆக்சிஜன்

கரிம வேதியியலில் வளைந்து நெளிந்து போகும் கோடுகளைப் பார்த்து மிரள வேண்டாம். அவற்றைப் படிக்கப் பழகுவதற்கு ஈதரைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பேன். நடுவில் ஓர் ஆக்சிஜன், இரு பக்கமும் கார்பன்; ஈதரின் அடையாளம் அவ்வளவுதான். பென்சிலை எடுங்கள், டைஎத்தில் ஈதரை வரைவோம்.

படி 1: மூலக்கூறு வாய்பாட்டைப் பாருங்கள். 4 கார்பன், 10 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். இதை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். 1-பியூட்டனால் என்ற ஆல்கஹாலுக்கும் இதே வாய்பாடுதான்! ஆனால் ஈதர் சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பியூட்டனால் கொதிக்கச் சுமார் 118 டிகிரி வேண்டும். எந்த அணு எதனோடு பிணைந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அதைக் காட்டத்தான் படமே.

படி 2: கார்பன், கார்பன், ஆக்சிஜன், கார்பன், கார்பன் என்று ஐந்து புள்ளிகளை மேலும் கீழுமாக வைத்து, நான்கு கோடுகளால் இணையுங்கள். இந்த வளைவு அழகுக்காக அல்ல. ஆக்சிஜனில் பிணைப்புக் கோணம் ஏறக்குறைய 110 டிகிரி.

படி 3: கார்பன் புள்ளிகளை அழித்துவிடுங்கள். இனி ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு மடிப்பும் ஒரு கார்பன். ஆக்சிஜனின் குறியீட்டை மட்டும் கட்டாயம் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால் உங்கள் தாளில் இருப்பது ஐந்து கார்பன் சங்கிலியான பென்டேன்.

படி 4: ஹைட்ரஜன்களை எண்ணுங்கள். தொடக்கத்தில் பலரும் தடுமாறும் இடம் இது, நிதானமாகச் செய்யுங்கள். கார்பனுக்கு மொத்தம் நான்கு பிணைப்புகள். முனையில் ஒரு கோடுதான் தெரிகிறது, ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஹைட்ரஜன் 3. மடிப்பில் இரண்டு கோடுகள், ஆகவே 2. இடமிருந்து வலமாக 3, 2, 2, 3, கூட்டினால் 10. வாய்பாட்டோடு சரியாகப் பொருந்துகிறது.

ஆக்சிஜனின் இரண்டு பிணைப்புகளும் கார்பனுக்கே போய்விட்டன. அதன்மேல் ஹைட்ரஜன் இல்லை. அதனால் ஈதர் மூலக்கூறுகள் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு (ஒரு மூலக்கூறின் ஆக்சிஜன்மேல் உள்ள ஹைட்ரஜனை இன்னொன்றின் ஆக்சிஜன் ஈர்ப்பது) அமைப்பதில்லை. அந்தக் குறைந்த கொதிநிலைக்குக் காரணம் இதுதான்.

படி 5: பெயர். ஆக்சிஜனின் சிறிய பக்கம், ஆக்சிஜனையும் சேர்த்து, ஆல்காக்சி (மீத்தாக்சி, எத்தாக்சி போல); பெரிய பக்கம் ஆல்கேன் (ஈத்தேன், புரப்பேன் போல). இங்கே இரண்டும் சமம், எனவே எத்தாக்சிஈத்தேன். ஆக்சிஜனை ஓரிடம் தள்ளி வைத்தால் 1-மீத்தாக்சிபுரப்பேன்.

இதே வாய்பாட்டில் இன்னும் ஒரே ஒரு ஈதர்தான் உண்டு: 2-மீத்தாக்சிபுரப்பேன். அதை நீங்களே வரையுங்கள். கிளை பிரியும் கார்பனில் மூன்று கோடுகள் சேரும்; அங்கே ஹைட்ரஜன் 1 மட்டுமே. எண்ணிப் பாருங்கள், 10 வர வேண்டும்.