கண்ணாடியைச் சுரண்டிய ஆமைக்குட்டி

எங்கள் ஹெர்மன் வகை நில ஆமைக்குட்டி, காலையில் விளக்கு எரிந்ததும் கண்ணாடித் தொட்டியின் சுவரைச் சுரண்டத் தொடங்கும். சாயங்காலம் வரை ஓயாது. வைத்த இலை அப்படியே வாடிக் கிடக்கும்.

முதலில் சூட்டைச் சந்தேகப்பட்டேன். விளக்கின் நேர் கீழே 33 டிகிரி, எதிர்மூலையில் 22. சரியாகத்தான் இருந்தது. புற ஊதாக் குழல்விளக்கும் புதிது. நடுவே கண்ணாடி மூடியும் இல்லை (இருந்தால் ஆமைக்கு வேண்டிய அந்தக் கதிர் பெரும்பாலும் கீழே இறங்காது). தேங்காய் நார்த்தூளும் மண்ணும் கலந்த தரையை ஈரமாக்கினேன், வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டினேன், இலைகளை மாற்றி மாற்றி வைத்தேன். ம்ஹும்.

அப்புறம்தான் கவனித்தேன். மூன்று பக்கக் கண்ணாடியிலும் அடியில் சேற்றுத் தடம். பின்பக்க மரப்பலகையில் மட்டும் துளிகூட இல்லை. ஊடே வெளிச்சம் தெரிந்தால் அது வழி என்றே ஆமை நினைக்கிறது போல.

பழுப்புக் காகிதத்தை 15 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுற்றிலும் வெளிப்புறமாக ஒட்டினேன். உள்ளே ஒட்டினால் கடித்துத் தின்றுவிடும். சுரண்டல் ஒரே ஒரு மூலைக்குச் சுருங்கியது. ஆமையின் கண்மட்டத்துக்குக் குனிந்து பார்த்தால், அங்கே காகிதம் விரல் அகலத்துக்குச் சேராமல் இருந்தது! அதையும் அடைத்தேன்.

அப்பாடா. இப்போது விளக்கடியில் கால் நீட்டிப் படுக்கிறது, இலையும் காலி. அடுத்த பெட்டி மரத்தில்தான்.